வெள்ளிக்கிழமைப் பதிவு

"இதயத் துடிப்பப் பதியுற பட்டைய வயித்துல ஒட்டுனா மொதல்ல என் துடிப்புதான் பெருசா வரும், பரிதி. அதக் கழிச்சாத்தான் புள்ளையோடது தெரியும்."

"அங்கயும் உன் சத்தம்தானா?" என்று கணவன் கிண்டலடித்தது சண்டைக்கு முன்பு.

இதயக் கருவிகள் செய்யும் பொறியாளரான யமுனா இப்போது கோபித்துக்கொண்டு அம்மா வீட்டில் இருந்தாள். வெள்ளிதோறும் வயிற்றிலிருந்து பதிவுசெய்து, தன் துடிப்பை நீக்கி, குழந்தையுடையதை மட்டும் அவனுக்கு அனுப்பினாள். ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. அவனே இறங்கிவருவான் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. எட்டாவது வெள்ளியன்று அழைத்தான்.

"கேட்டேன். ரொம்ப வேகமா ஓடுதே?"

"நிமிஷத்துக்கு நூத்தி நாப்பது. அதுக்கு அதுதான் சரி."

"எட்டு வாரமா உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். இனிமே உன்னோடதக் கழிக்காம அனுப்பு, யமுனா."