ஐம்பது வயது ஆட்டக்காரர்

கிருபானந்தம் நாற்காலி மேல் ஏறி நின்று, லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். இன்னும் சட்டையைக்கூட மாற்றவில்லை. சர்ச்சில் ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து ஓடி வந்தவர் அவர்.

"இன்னா, அங்க கர்த்தர் தெரியிறாரா?" என்றாள் மனைவி சலோமி, கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றபடி.

"வைஃபை இங்க மூணு கோடு காட்டுது. கீழ எறங்குனா அந்துடுது."

சலோமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோல் பதனிடும் ஷாப்பில் நாற்பது பேரை மிரட்டி, வருகிற தோலையெல்லாம் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிற பெரிய மனுஷர். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் ஆன்லைனில் துப்பாக்கியால் சுடுகிற விளையாட்டு. போன வாரம் யாரோ சொன்னார்கள் என்று, பிரியாணிப் பொட்டலத்தின் வெள்ளித்தாளை ரவுட்டருக்குப் பின்னால் ஒட்டி வைத்து அழகு பார்த்தார். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை.

அதுவும் இதை ஆடுகிறவருடைய வாய் எப்பேர்ப்பட்ட வாய்? இதே விளையாட்டை ஆடினான் என்பதற்காக மகன் ஜெஸ்டனைத் தெருவே வேடிக்கை பார்க்க, "நீயெல்லாம் தேர்டு செலக்‌ஷன்டா" என்று மூன்றாந்தரத் தோலோடு சேர்த்துத் திட்டித் துரத்திய வாய். சாம்பாரிலிருந்து சம்பந்தி வீடு வரைக்கும் எல்லாவற்றுக்கும் தரம் போடுகிற வாய்.

பையன் போய் ஒரு வருஷம் ஆகிறது. ஓசூர் பக்கம் ஏதோ கம்பெனியில் இருக்கிறான் என்று யாரோ சொன்னதோடு சரி, போன் நம்பரையும் மாற்றிவிட்டான். அவன் விட்டுவிட்டுப் போன லேப்டாப்பில்தான் இந்த மனுஷர் இப்போது ஆடுகிறார். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். சலோமிக்கு மகன்மேல் இருந்த ஏக்கமெல்லாம் புருஷன்மேல் இளக்காரமாக மாறிப் போயிருந்தது.

"ஒரு வாரம் ஆடலன்னா குடியா முழுகிடும்?"

"டீம்ல நாலு பேரு. பாதியில எனக்கு நெட்டு அந்து அந்துதான் தோத்துக்கிட்டே வர்றோம். இன்னிக்கும் அந்துச்சுன்னா என்ன எடுத்துட்டு வேற ஆளப் போட்ருவாங்க."

சொல்லும்போது அவர் குரல் நிஜமாகவே நடுங்கியது. பெற்ற பிள்ளை வாசலைத் தாண்டிப் போனபோது நடுங்காத குரல். சலோமி மனதுக்குள் காறித் துப்பினாள்.

பைபாஸ் பக்கம் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கும் சமீருல்லா, போன் போட்ட அரை மணியில் வந்து சேர்ந்தார். வைஃபை டிரைவர் சாஃப்ட்வேரை அழித்து மறுபடி போட்டார். பவர் சேவிங்கை நிறுத்தினார். போன வாரமே வைஃபை கார்டைப் புதிதாக மாற்றியும் இருந்தார். எதற்கும் மசியவில்லை. கடைசியில் ஸ்க்ரூவைக் கழற்றி மூடியையே பிரித்துவிட்டார்.

"கார்டு மேல தப்பே இல்லண்ணே. மூடியாண்ட ஓடுற ஆன்டெனா ஒயர் நசுங்கிக் கெடக்குது. அதான் சிக்னல் வந்து வந்து போவுது. எங்கனா கீழ வுழுந்துச்சா?"

"வுழல பாய். புள்ள மடியிலேந்து புடுங்கி இவர்தான் செவுத்துல வீசுனாரு" என்றாள் சலோமி. "இப்ப அதுக்கே வைத்தியம் பாக்குறாரு."

சமீருல்லா சங்கடமாக இருமிவிட்டு வேறு ஒயரைப் போட்டு மூடினார்.

"மைக் வச்ச ஹெட்செட்டு ஒண்ணு வாங்கிக்கங்கண்ணே. இந்த ஆட்டத்துல வாயத் தொறந்து பேசுனாதான் டீமுக்குப் பிரயோஜனம்."

"பேசவெல்லாம் வேணாம் பாய். எனக்குக் காதுல கேட்டாப் போதும்."

ஊரையே வாயால் மேய்க்கிற மனுஷர், ஆட்டத்தில் மட்டும் ஊமை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஒற்றை விரலால் தட்டி எழுதுவாராம், அதுவும் வேறு ஏதோ பெயரில். வெளியே தெரிந்தால் மானம் போகும் என்கிற புத்தியாவது இருக்கிறதே என்று சலோமி நினைத்துக்கொண்டாள்.

சமீருல்லா லேப்டாப்பில் செருகியிருந்த ஹெட்போனைக் கழற்றி, சத்தத்தை ஸ்பீக்கரில் விட்டுவிட்டு, "ஆடிப் பாருங்கண்ணே, நெட்டு அந்துச்சுன்னா கூப்புடுங்க" என்று சொல்லிக் கிளம்பினார். கூடம் முழுக்கத் துப்பாக்கி வெடித்தது. யார் யாரோ கத்தினார்கள். சலோமி குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தபோதும் மனுஷர் கண் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

இந்த முறை நெட் அறுபடவில்லை. டீமில் ஒருவன் கடைசி எதிரியையும் சுட்டு வீழ்த்த, ஜெயித்துவிட்டதாகத் திரையில் எழுத்து ஓடியது. கிருபானந்தம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சுட்டவனுக்கு ஒற்றை விரலால் ஏதோ தட்டினார். சலோமி எட்டிப் பார்த்தாள். 'ஃபர்ஸ்ட் செலக்‌ஷன்' என்று இருந்தது.

"அங்க போயும் தோலு தரம் பிரிக்கிறீங்களா? நல்லா வெளங்கும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குத் திரும்பினாள்.

ஸ்பீக்கரில் கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். பிறகு ஒரு குரல், தயங்கித் தயங்கி வந்தது.

"அம்மா நல்லாருக்காங்களா, நைனா?"