வாட்ச் டாலர்

"ஏட்டி, ஒங்கண்ணன் ஓட்டை வாட்ச்ச எந்தலையில கட்டிட்டாரு. எப்பப் பாத்தாலும் நின்னு கெடக்கு!"

ரேடியோ கேட்டபடி கட்டிலில் படுத்திருந்த பால்ச்சாமி, வாட்ச்சைத் தூக்கி எறிந்தான்.

மனைவி வெள்ளத்தாய் அதன் வாரைக் கழற்றினாள். சுற்றிலும் பாசிமணி ஒட்டி, சங்கிலியில் டாலராக மாட்டிக்கொண்டாள். தண்ணீர் இறைக்கும்போதும் ஆட்டுரலில் மாவாட்டும்போதும் அது கழுத்தில் ஆடியது. மடவார் வளாகத் தெருப் பெண்கள், "எனக்கும் ஒண்ணு செஞ்சு தாட்டி" என்று நச்சரித்தார்கள்.

பட்டாளத்திலிருந்து லீவில் வந்த அண்ணன் சோலைச்சாமி, டாலரை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தானே ஓடுது?"

பால்ச்சாமி கட்டிலிலிருந்து தலையை மட்டும் தூக்கினான்.

"அப்ப எங்கையில ஏன் மச்சான் ஓடல?"

"இதுக்குச் சாவி கொடுக்க வேண்டாம் மாப்ளே. கட்டுன ஆளு கொஞ்சம் அசஞ்சாப் போதும், தானா ஓடும்."