சாத்திய ஜன்னல்

சமையலறைச் சுவரில் படர்ந்த கறுப்புப் பூஞ்சையைச் சுகந்தி தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தாள். பழைய வீடு, மழைக்காலம் வேறு.

"ஜன்னலைத் திறந்து வெச்சா தானா காயும்," என்றான் பிரசன்னா, ஞாயிற்றுக்கிழமையும் லேப்டாப்பை மூடாமல்.

"திறந்தா வீடே போயிடும். பேசாம இருங்க."

அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மா பாமா.

"சுவர் ஊறுதுன்னு உன் வீட்டுக்காரர் சொன்னாரே. பாக்கலாம்னு வந்தேன்."

"இன்னொரு நாள் பாக்கலாமே, ஆன்ட்டி..."

அதற்குள் அவர் சமையலறைக்கே போய்விட்டார்.

"ஜன்னலை எதுக்கு சாத்தி வெச்சிருக்கே?"

"கொசு, ஆன்ட்டி."

பாமா மூக்கை உறிஞ்சினார். அடுப்பிலிருந்த வாணலியின் மூடியைத் தூக்கினார். உள்ளே கொரமீன் வறுவல்.

சுகந்திக்கு அழுகை முட்டியது. "காலி பண்ணச் சொல்லிடாதீங்க, ஆன்ட்டி. சைவம்னு சொன்னாதான் இந்த வீடு கிடைக்கும்னு புரோக்கர் சொன்னார்."

"எங்ககிட்ட, வர்றவங்க சுத்த சைவம், மீன் வாடை வந்தா அன்னிக்கே காலி பண்ணிடுவாங்கன்னு சொன்னான்."

பாமா ஜன்னலைத் தள்ளித் திறந்தார்.

"கீழ வந்து எங்க கிச்சனைப் பாரு. சாத்திச் சாத்தி எங்க சுவர் இதைவிடக் கறுப்பு."