மேல் ஊற்று

அன்னக்கொடி அரிவாளைத் தீட்டுகிற சத்தம் கேட்டதும் வேலுமணி புழக்கடைக்கு ஓடினார்.

"ஏத்தா, இந்நேரத்துல எதுக்கு அருவா?"

"விருந்தாளி வர்றாருல்ல? கோழி அடிக்கணும்."

பொண்டாட்டி அப்படிச் சொன்ன தினுசே அவருக்குச் சரியாகப் படவில்லை. வருகிறவன் ஞானவேல். ஊர் ஊராகச் சுற்றி செல்போனில் வீடியோ போடுகிறவன், ஏழு லட்சம் பேர் அவனைப் பார்க்கிறார்கள். லீவுக்கு மன்னவனூரில் தங்க இடம் தேடியவனை, "எங்க வீட்டுக்கே வரச் சொல்லுங்க" என்று ஆள் விட்டு வரவழைத்தவளே இவள்தான்.

போன வருஷம் இவர்களுடைய பூண்டுத் தோட்டத்து ஊற்றைப் படம் பிடித்து, 'யாருக்கும் தெரியாத சொர்க்கம் மக்களே' என்று போட்டவனும் இதே ஞானவேல்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே காரில் வந்து இறங்கினார்கள் பாருங்கள், அப்படி ஒரு கூட்டம்! பாத்தியெல்லாம் மிதிபட்டுப் பூண்டு நாசமானது. ஊற்றுக்குள் உடைந்து கிடந்த பாட்டில் குத்தி அன்னக்கொடி காலில் தையல் போட்டுக்கொண்டு வந்தாள்.

வீடியோவை எடுத்துவிடச் சொல்லிப் போனில் அழாத குறையாகக் கெஞ்சினாள். "நாலு பேரு வந்தா ஊருக்கு நல்லதுதானேம்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான் பாவி.

"என் கையில சிக்கட்டும் அவன்" என்று அன்றைக்குச் சொன்னவள், அதற்குப் பிறகு அவன் பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் வேலுமணிக்குப் பயம்.

ஏரியையும் ஆட்டுப் பண்ணையையும் சுற்றிப் பார்த்துவிட்டு மத்தியானம் வந்து சேர்ந்தான் ஞானவேல். போனில் கெஞ்சியது இவள்தான் என்பது அவனுக்கு ஞாபகமே இல்லை.

"அக்கா, ஒங்க தோட்டத்துக்கு மேல இன்னொரு ஊத்து இருக்காமே? இந்தத் தடவ அதத்தான் போடப் போறேன். சும்மா தெறிக்கும் பாருங்க."

வேலுமணிக்குப் பகீரென்றது. தோட்டத்துக்கு மிச்சமிருக்கிற தண்ணீர் அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் நிலத்தை விற்றுவிட்டு மலையிறங்க வேண்டியதுதான்.

"அதுக்கென்ன தம்பி, நாளைக்கு வெள்ளனே நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சிரித்தாள் அன்னக்கொடி.

அந்தத் தடத்தில் ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் கிடுகிடு பள்ளம். வேலுமணி முதல் வேலையாக அரிவாளை எடுத்து வைக்கோல் போருக்குள் செருகினார். கோழிக் குழம்பை விருந்தாளிக்கு முன்னால் தானே சாப்பிட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை, ருசி தாங்காமல் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பாடு முடியும் நேரம் மகள் முருகேஸ்வரி செல்போனோடு வந்தாள்.

"அண்ணே, ஒங்களப் பத்தி அம்மா பேசுனத வீடியோவாப் போட்டிருக்கேன். நீங்களும் ஷேர் பண்ணுறீங்களா?"

திரையில் அன்னக்கொடி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். "எங்க ஞானவேல் தம்பி மாதிரி தங்கமான மனுசன ஏழு ஊருல தேடுனாலும் பாக்க முடியாது..."

ஞானவேல் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாயெல்லாம் பல்.

"கடைசி வரைக்கும் பாத்துட்டுப் போடுங்கண்ணே."

"ஒங்கம்மா என்னயத் தப்பாவா சொல்லப் போறாங்க?" சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று, ஏழு லட்சம் பேருக்கும் அனுப்பிவிட்டுத்தான் இறங்கினான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பனிமூட்டத்தில் அன்னக்கொடி முன்னால் நடந்தாள். பின்னால் ஞானவேல், அவனுக்குப் பின்னால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலுமணி. பள்ளத்து ஓரம் வந்ததும் அவள் நின்றாள்.

"தம்பி, இப்பிடி ஓரமா வாங்க."

"ஏத்தா, வேணாம்த்தா!" என்று அலறினார் வேலுமணி.

"என்னத்த வேணாம்? இங்கனதான் சிக்னல் கெடைக்கும்."

அவன் ஓரத்துக்கு வந்தானோ இல்லையோ, செல்போன் அலறியது. மதுரையிலிருந்து அவன் மனைவி. அவள் கத்திய கத்து மூன்று பேருக்கும் கேட்டது.

"ஏங்க, நம்ம வாசல்ல திருவிழாக் கூட்டம்! கேட்டப் பேத்துட்டாங்க, என் ரோஜாச் செடியெல்லாம் மிதிச்சுட்டாங்க! ஆளாளுக்குப் பையத் தூக்கிட்டு வந்து பூண்டு எங்க, பூண்டு எங்கங்கிறாங்க!"

அந்த வீடியோவைத் திறந்தவன், இந்தத் தடவை கடைசி வரைக்கும் பார்த்தான்.

"...தம்பி எங்கட்ட மூட்ட மூட்டையா மலைப்பூண்டு வாங்கியிருக்காரு. ஞாயித்துக்கெழம காலையில அவரு வீட்டுக்கு யாரு போனாலும் ஆளுக்கு ஒரு கிலோ சும்மா குடுப்பாரு. வெரசாப் போங்க!" அதன் பிறகு தெருப் பலகை, பச்சை கேட், மாடி வீடு. எல்லாம் அவனே பெருமையாகப் போட்டிருந்த கிரகப்பிரவேச வீடியோவிலிருந்து முருகேஸ்வரி வெட்டி ஒட்டியது.

"அக்கா, ஒங்க கால்ல விழுறேன். அந்த வீடியோவ எடுத்துருங்கக்கா!"

அன்னக்கொடி தையல் தழும்பு தெரியும் காலைப் பாறை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"நாலு பேரு வந்தா தெருவுக்கு நல்லதுதானே தம்பி. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."