குணமானவர் ஒருவர் தேவை

நூறு வயதான அந்த ஆஸ்பத்திரியின் விழாவுக்கு அமைச்சர் வரும் நேரம். மேடையில் பொன்னாடை போர்த்துவதற்கு, குணமாகி வீடு திரும்பும் நோயாளி ஒருவர்கூட அகப்படவில்லை.

நிர்வாக அதிகாரி தில்லைநாதன், வேப்பமரத்தடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்த சின்னையனைப் பிடித்தார்.

"வூட்டுக்குத்தானே பெரியவரே போறீங்க?"

"ஆமாங்க. பொண்டாட்டி தைலம்மாள பிச்சாவரம் கொண்டுபோய் சேக்கணும். காலையிலேர்ந்து வண்டி வரலீங்க."

"எல்லா வண்டியும் வாடகை நாற்காலி ஏத்தியாரப் போயிருக்கு. மேடைக்கு வந்து நில்லுங்க. முடிஞ்சதும் மொத வண்டி உங்களுக்குத்தான்."

"நான் நோயாளி இல்லீங்களே."

"அத யாரு கேக்கப் போறா?"

அமைச்சர் பொன்னாடையைப் போர்த்தினார். "நல்லா பாத்துக்கிட்டாங்களா?"

"பாத்தாங்க." சின்னையன் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"என்னா அடக்கம் பாருங்க" என்று அமைச்சர் மைக்கில் வியந்தார். தில்லைநாதன் முதல் ஆளாகக் கைதட்டினார்.

விழா முடிந்ததும், சொன்னபடியே வண்டி பின்கட்டுக்கு வந்தது. மிச்சமிருந்த இரண்டு நாற்காலிகளை இறக்கிப் போட்டுவிட்டு, 'அமரர் ஊர்தி' என்று எழுதிய கதவை டிரைவர் அகலத் திறந்தார்.

"மேல போத்த கோடித்துணி வச்சிருக்கீங்களா?"

சின்னையன் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து, ஸ்ட்ரெச்சரில் கிடந்த தைலம்மாளுக்கு முகம்வரை இழுத்துப் போர்த்தினார்.