பத்தொன்பது நாள் லீக்

அகரத்துப் புடலைப் பந்தலில் கிளி வராமலிருக்க விரித்திருக்கும் பச்சை வலையைப் பவுலினுக்கு நன்றாகத் தெரியும். போன வருடம் இதே மண்ணில் பெண்கள் சாப்ட்பால் லீக் நடந்தபோது, அவள் எறிந்து யாரும் தொடமுடியாத பந்துகள் மட்டை பிடிப்பவர்களுக்குப் பின்னால் கட்டியிருந்த அந்த வலையில்தான் போய் விழுந்தன. ஆறு அணி, பத்தொன்பது நாள், அவ்வளவுதான் அதன் சரித்திரம். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு மனுப்போட இன்று கடைசி நாள். சான்றிதழில் கையெழுத்துப் போடவேண்டிய லீக் தலைவரும் நிலத்துக்காரருமான குருநாதன், ஆட்டத்தில் ஓடித் தொடுவதற்கு வைத்திருந்த பழைய பேஸ் மூட்டைமேல் உட்கார்ந்து, பிஞ்சுகள் நேராக வளர நுனியில் கல் கட்டிக்கொண்டிருக்கிறார். “பைனலே நடக்காத லீக்குக்கு எப்படித் தாயி கையெழுத்துப் போட? நாளைக்கு விசாரணைன்னு வந்தா நான்ல நிக்கணும்.” “பைனலுக்கு மொத நாளு கிரவுண்டுல டிராக்டர விட்டது யாருய்யா? புடலைக்கு வெல ஏறிருச்சுன்னு நீங்கதான?” “அது வெவசாயம், அதப் பேசாத.” வலையின் கிழிசலில் கிளிகள் இறங்குகின்றன. அவர் சிரிக்கிறார். “அம்புட்டுப் பேரையும் அவுட்டாக்குனவதான? அதுகள வெரட்டு பாப்போம்.” பவுலின் அவருடைய குவியலிலிருந்து ஒரு கல்லை எடுக்கிறாள். விரல்கள் தாமாகவே பிடிமானம் தேடிக்கொள்கின்றன. கை ஒரு முழு வட்டம் சுற்றி, இடுப்போரமாகக் கல்லை விடுகிறது. கிளிகளின் காலடியில் மூங்கில் படீரென்கிறது. கூட்டம் மொத்தமும் எழும்பிப் பறக்கிறது. குருநாதன் தொடையைத் தட்டுகிறார். “கைப்பழக்கம் போகவே இல்லையே தாயி! இந்தக் கைக்கு எதுக்குச் சர்ட்டிபிகேட்டு?” அவளுடைய இடது கையில் கையெழுத்தாகாத சான்றிதழ் வியர்வையில் நனைகிறது. பவுலின் அவரைப் பார்த்தபடியே குனிந்து இரண்டாவது கல்லை எடுக்கிறாள். கிளிகள் எப்போதோ போய்விட்டன.