கரையில் சொன்ன முடிவு

குளம் வற்றிக்கொண்டிருந்தது. வேறு குளம் பார்த்து வரும் பொறுப்பைத் தவளைகள் தங்கள் அமைச்சரிடம் கொடுத்திருந்தன. எந்த முடிவானாலும் முதலில் தண்ணீருக்குள், சபையில்தான் சொல்ல வேண்டும். கரையில் சொன்னால் கொக்குக்குக் கேட்டுவிடும்.

சபை கூடிவிட்டது. நேரமாக ஆக சேறு சூடேறியது. குட்டித் தவளைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கின. "எங்கேதான் போய்த் தொலைந்தார் இந்த அமைச்சர்?" என்று சபைத் தலைவி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமைச்சரோ கரையில், மைனாவுக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை மைனா மரத்துக்கு மரம் போய் ராகத்தோடு சொன்னது. கேட்கக் கேட்க அவருக்குத் தொண்டை உப்பியது. இன்னும் கொஞ்சம் சொன்னார்.

ஒருவழியாகச் சபைக்கு வந்து செருமினார். "மாண்புமிகு உறுப்பினர்களே, ஒரு மகிழ்ச்சியான அறிவிப்பு..."

"அல்லிக்குளம். நாளைக் காலை. கிழக்குப் பாதை வழியாக. அதுதானே?" என்றாள் தலைவி.

அமைச்சருக்கு முகம் வாடிவிட்டது. "யார் சொன்னது?"

"கொக்கு. போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது."

"எங்கே போனது?"

"அல்லிக்குளத்துக்குத்தான். குடும்பத்தோடு."